பழைய சட்டமும் தங்க பெயின்டும்

நேயர்களே, வணக்கம். ராஜா ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கிய பிறகு லட்சுமியும் சரஸ்வதியும் சாதாரண வீடுகளுக்குள்ளும் வந்தார்கள். கூடவே படச் சட்டங்களும் வந்தன. உங்கள் பரணிலும் ஒன்று இருக்கலாம்.

அது மங்கிப்போனால் உடனே ஹார்டுவேர் கடைக்கு ஓடுகிறோம், சின்ன டப்பா தங்க பெயின்ட் வாங்க. அதில் தங்கம் கிடையாது, பெரும்பாலும் பித்தளைப் பொடிதான். முதலில் மினுக்கும், போகப்போகக் கறுக்கும்.

ஓர் அம்மா தன் மாமியார் வீட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தார். வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போதெல்லாம் அதற்கும் ஒரு கோட் அடித்திருக்கிறார்கள். செதுக்கிய கொடியும் பூவும் அடைபட்டு, ஒரே மொழுக்கை. கீழ் மூலையில் பஞ்சில் தின்னர் தொட்டு மெல்லத் துடைத்தேன். பழுப்பு போனது, பச்சை போனது, அடியில் சிவப்பு எட்டிப் பார்த்தது. “துருப்பிடிச்சிருக்கா சார்?” என்றார். மரம் எங்கேம்மா துருப்பிடிக்கும்! அது செம்மண் பூச்சு. அதன் மேல் ஒட்டும் மெல்லிய தங்கத் தகடான தங்க ரேக்கு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கனம்தான், அடியில் உள்ள நிறம் மேலே தெரியும். அதனால்தான் சிவப்பு. அதை ஒட்டியே அசல் தங்கம், கறுக்காமல் இருந்தது. அந்த அம்மாவுக்குப் பேச்சே வரவில்லை.

ஆகவே, முதலில் அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஈரத்துணி மட்டும் வேண்டாம். பழைய தங்கப் பூச்சுக்கு அடியில் சுண்ணத்தூளும் வஜ்ஜிரப் பசையும் இருக்கும், தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். திரும்பவும் சொல்கிறேன், ஈரத்துணி வேண்டாம். தூசு தட்டக் காய்ந்த பிரஷ் போதும்.

தங்கமே இல்லாத வெறும் மரச் சட்டமா? அப்படியானால் தாராளமாகச் செய்யலாம். பள்ளத்தில் மக்கு வைத்து, உப்புத்தாள் போட்டு, ரெட் ஆக்ஸைடு அடியுங்கள். காய்ந்ததும் ரேக்கு ஒட்டும் பசை. விரல் முட்டியால் தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், ஆனால் விரலில் ஒட்டிக்கொண்டு வரக்கூடாது. அந்தப் பதத்தில் பித்தளை ரேக்கை வைத்து, மென்மையான பிரஷால் ஒற்றுங்கள். மின்விசிறியை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ரேக்கு அடுத்த வீட்டில் இருக்கும்! மேடான இடங்களில் பஞ்சால் லேசாகத் தேயுங்கள், கொஞ்சம் சிவப்பு தெரிந்தால்தான் அழகு. பித்தளை கறுக்காமல் இருக்க மேலே அரக்கு வார்னிஷ்.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாகிவிட்டது என்று கையைக் காட்டுகிறார்கள். சரி, மாட்டுவதைப் பற்றி ஒரு வரி: துருப்பிடித்த கம்பியை மாற்றுங்கள், ஓதம் ஏறிய சுவரில் மாட்டாதீர்கள். வணக்கம்.