சொல்வது ஒன்று, செய்வது ஒன்று: சுற்றுலா, விழா ஆய்வாளர்களுக்கு ஓர் உரை

நண்பர்களே, வணக்கம்.

சுற்றுலா, விருந்தோம்பல், விழா மேலாண்மை என்று மூன்று பக்கத்திலிருந்தும் ஆய்வு மாணவர்கள் வந்திருக்கிறீர்கள். உங்கள் எல்லோர் பையிலும் இருக்கும் ஒரு பொருளைப் பற்றித்தான் பேசப் போகிறேன். வினாநிரல்.

1930களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் லாப்பியர் என்ற சமூகவியலாளர் ஓர் இளம் சீனத் தம்பதியுடன் அமெரிக்காவைக் காரில் சுற்றினார். சீனர்கள்மீது அங்கே வெளிப்படையான வெறுப்பு நிலவிய காலம் அது. ஹோட்டல், சாலையோர விடுதி, உணவகம் என்று 251 இடங்களில் ஏறி இறங்கினார்கள். பல இடங்களில் லாப்பியர் பெட்டிகளைப் பார்த்துக்கொள்வதுபோல் வேண்டுமென்றே பின்தங்கி, அவர்களை முன்னால் போய்க் கேட்க விட்டார். ஒரே ஓர் இடத்தில்தான் திருப்பி அனுப்பினார்கள். ஆறு மாதம் போக விட்டு, அதே இடங்களுக்கு அஞ்சலில் ஒரு கேள்வி அனுப்பினார்: சீனர்களை விருந்தினராக ஏற்றுக்கொள்வீர்களா? 128 பதில்கள் வந்தன. பத்தில் ஒன்பதுக்கும் மேல் ‘மாட்டோம்’.

கட்டுரை வெளியானது 1934-இல். வாசலில் நின்றவரும் கடிதத்துக்குப் பதில் எழுதியவரும் ஒரே ஆள்தானா என்று பின்னாளில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனாலும் நம் துறையின் வழக்கத்தைப் பாருங்கள். விழா மைதானத்தின் வெளிவாசலில் ஒரு மாணவர் அட்டையோடு நிற்கிறார். ‘இங்கு மீண்டும் வர விரும்புகிறீர்களா?’ ஒன்று முதல் ஐந்துக்குள் ஓர் எண். குழந்தை அழுகிறது, வண்டி காத்திருக்கிறது, சரி, நான்கு என்று போட்டுவிட்டுப் போகிறார்கள். அந்த நான்கை எடுத்து ‘மறுவருகை நோக்கம்’ என்று பெயர் சூட்டி, எது எதற்குக் காரணம் என்று அம்புக்குறிகள் போட்ட ஒரு படத்துக்குள் வைத்து, புள்ளியியல் முறைகளால் வறுத்தெடுக்கிறோம். அவர் மறுபடி வந்தாரா என்று போய்ப் பார்த்தவர்கள் மிகக் குறைவு.

போய்ப் பார்ப்பது முடியாத காரியம் இல்லை. ஹோட்டல் குளியலறையில் ‘துண்டை மறுபடி பயன்படுத்துங்கள்’ என்று ஓர் அட்டை இருக்குமே, அதை வைத்து கோல்ட்ஸ்டைன், சியால்டினி, கிரிஸ்கெவிசியஸ் மூவரும் ஓர் ஆய்வு செய்தார்கள். 2008-இல் வெளிவந்தது. சில அறைகளில் சுற்றுச்சூழலைக் காப்போம் என்ற வழக்கமான அட்டை. சில அறைகளில், இங்கே தங்கிய பெரும்பாலானோர் துண்டை மறுபடி பயன்படுத்தினார்கள் என்ற அட்டை. விருந்தினரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அறையைச் சுத்தம் செய்யும் பணியாளர்கள் பார்த்துக் குறித்தார்கள். முதல் அட்டைக்கு 35.1 சதவீதம், இரண்டாவதற்கு 44.1. இன்னொரு சுற்றில், இதே அறையில் தங்கியவர்கள் அப்படிச் செய்தார்கள் என்று எழுதியபோது 49.3.

எனக்குப் பிடித்தது இந்த எண்களைவிட ஒரு சின்ன விவரம். கதவின் கைப்பிடியில் தொங்கிய துண்டை ஆய்வாளர்கள் மறுபயன்பாடாகக் கணக்கில் எடுக்கவில்லை. அட்டையைப் படிக்காமல் பழக்க தோஷத்தில் அங்கே மாட்டியிருக்கலாம் அல்லவா? தனக்குச் சாதகமாக வரக்கூடிய எண்ணைத் தானே கழித்துக்கொள்கிற ஆளை நம்பலாம்.

கதை அத்தோடு முடியவில்லை. ஜெர்மனியில் போனர், ஷ்லூட்டர் என்ற இருவர் இதையே திரும்பச் செய்து 2014-இல் வெளியிட்டார்கள். அங்கே ‘மற்றவர்கள் செய்தார்கள்’ என்ற அட்டை வழக்கமான அட்டையை மிஞ்சவில்லை. எந்த அட்டை வைத்தாலும் பெரும்பாலானோர் ஏற்கெனவே துண்டை மறுபடி பயன்படுத்திக்கொண்டுதான் இருந்தார்கள். முதல் கட்டுரையை மேற்கோள் காட்டும் நம் ஆய்வேடுகளில் இரண்டாவதைத் தேடிப் பாருங்கள். நார்வே ஹோட்டல்களில் பஃபே தட்டின் அளவைக் கொஞ்சம் குறைத்ததும் உணவு வீணாவது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது என்று 2013-இல் ஓர் ஆய்வு வந்தது. அங்கேயும் அளந்தது குப்பையைத்தான், மனப்பான்மையை அல்ல.

இப்போது விழாக்களுக்கு வருவோம். இங்கே சிக்கல் வேறு மாதிரி, ஏனென்றால் பணம் உள்ளே வருகிறது. ‘இந்த விழாவால் நகருக்கு இத்தனை கோடி வருமானம்’ என்ற அறிக்கைகள் எப்படித் தயாராகின்றன தெரியுமா? வந்தவர்களின் எண்ணிக்கை, அதை ஒருவரின் சராசரிச் செலவால் பெருக்கு, அந்தப் பணம் ஊருக்குள் கைமாறி இன்னும் பெருகும் என்று சொல்லி, அதை மறுபடி ஒரு பெருக்கு எண்ணால் பெருக்கு. ஜான் கிராம்ப்டன் என்ற ஆய்வாளர் 1995-இல் விளையாட்டு நிகழ்வுகளை வைத்து இந்தக் கணக்கு தவறிப்போகும் 11 வழிகளை எழுதினார். முக்கியமான சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

10,000 பேர் வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் 6,000 பேர் உள்ளூர்க்காரர்கள். விழா இல்லையென்றால் அந்தப் பணத்தை அதே ஊரில் வேறெங்காவது செலவழித்திருப்பார்கள். கழியுங்கள். மீதி 4,000-இல் 1,500 பேர் உறவினர் வீட்டுக்கோ வேலை விஷயமாகவோ ஏற்கெனவே ஊரில் இருந்தவர்கள், மாலையில் எட்டிப் பார்த்தவர்கள். அவர்களையும் கழியுங்கள். இன்னொரு 1,000 பேர் எப்படியும் அந்த ஆண்டு வரத்தான் இருந்தார்கள், தேதியை மட்டும் விழாவை ஒட்டி மாற்றிக்கொண்டார்கள். விழாவுக்காகவே வந்தவர்கள் மிச்சம் 1,500. இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை, ஆனால் கழித்தல்கள் உண்மையானவை. கூட்டத்துக்கும் விலையேற்றத்துக்கும் பயந்து அந்த வாரம் வராமல் போனவர்கள் வேறு இருக்கிறார்கள். வராதவரிடம் வெளிவாசலில் நின்று கேள்வி கேட்க முடியுமா?

இது தெரியாமல் யாரும் அறிக்கை எழுதுவதில்லை. ஆய்வுக்குப் பணம் தருபவர் பெரும்பாலும் விழாவை நடத்துபவர், அவ்வளவுதான்.

அப்படியென்றால் எண்களை விட்டுவிட்டு ஊரில் போய் உட்கார்ந்து கவனித்தால் போதுமா? அதற்கும் ஒரு கதை இருக்கிறது. ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் ஃபுவென்டெர்ராபியா என்றொரு ஊர், இன்று ஓண்டாரிபியா என்கிறார்கள். 1638-இல் பிரெஞ்சுப் படையின் முற்றுகையைத் தாங்கி நின்றதன் நினைவாக, ஆண்டுதோறும் செப்டம்பர் 8 அன்று ஊர்மக்கள் படைவீரர்களாக அணிவகுக்கும் அலார்தே விழா அங்கே நடக்கிறது. பார்க்க வருபவர்கள் பெருகினார்கள், சதுக்கம் போதவில்லை. 1969-இல் நகராட்சி, ஒரே நாளில் இரண்டு முறை நடத்துங்கள் என்றது. டேவிட் கிரீன்வுட் என்ற மானுடவியலாளர் அங்கே களப்பணி செய்தவர். ஊர் தனக்காக நடத்திய விழாவை நகராட்சி காட்சிப்பொருளாக்கி விற்றுவிட்டது, மக்களுக்கு ஆர்வமே போய்விட்டது என்று கோபத்தோடு எழுதினார். 1977-இல் வந்த அந்தக் கட்டுரை இன்றும் நம் பாடத்திட்டங்களில் இருக்கிறது.

ஆனால் 1989-இல் அதே கட்டுரைக்கு அவரே பின்னுரை எழுதினார். விழா சாகவில்லை, பாஸ்க் அரசியல் உரிமைப் பேச்சோடு சேர்ந்து புதுப் பொருள் பெற்றிருந்தது. அப்புறம் 1990களின் பிற்பகுதியில் பெண்கள் தாங்களும் வீரர்களாக அணிவகுப்போம் என்றார்கள். ஊர் இரண்டுபட்டது. சண்டை நீதிமன்றம் வரை போய், ஆண்டுக்கணக்கில் நீடித்தது. ஆர்வம் செத்துப்போன விழாவுக்கா இத்தனை ரகளை? கிரீன்வுட் பார்த்தது பொய்யில்லை, அது 1970களின் ஊர். பாதிப் பேர் கட்டுரையை மட்டும் படித்துவிட்டு, சுற்றுலா பண்பாட்டைக் கொல்லும் என்று எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். பின்னுரை வரை புரட்டினால் என்னவாம்?

கேள்வி கேட்பதே வீண் என்று நான் சொல்லவில்லை. 1988 குளிர்கால ஒலிம்பிக்ஸ் கனடாவின் கால்கரி நகரில் நடந்தது. ரிச்சி, ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்கள் 1986 முதல் 1989 வரை ஆண்டுதோறும் அமெரிக்க, ஐரோப்பிய நகரங்களில், கனடாவில் எந்த ஊர்கள் உங்களுக்குத் தெரியும் என்ற வகையில் கேட்டு வந்தார்கள். ஒலிம்பிக்ஸ் நடக்காத இன்னொரு கனடிய நகரமான எட்மண்டனையும் ஒப்பிடுவதற்காகக் கூடவே வைத்துக்கொண்டார்கள். கால்கரியின் பெயர் போட்டியோடு சட்டென்று உயர்ந்தது, அடுத்த ஆண்டே தேயத் தொடங்கியது. போட்டி முடிந்த வாரத்தோடு கடையைக் கட்டியிருந்தால் உயர்வு மட்டும்தான் கண்ணில் பட்டிருக்கும்.

உங்கள் ஆய்வேட்டுக்கு மூன்று நான்கு ஆண்டு கிடைக்கிறது. கால்கரி ஆய்வு நடந்ததும் அவ்வளவு காலம்தான். வெளிவாசலில் 400 படிவங்களை நிரப்பும் அதே நேரத்தில், விழா வாரத்து அறைப் பதிவு எண்ணிக்கையை இரண்டு மூன்று ஹோட்டல்களில் கேட்டு வாங்குங்கள். விழாவுக்கு முந்தைய மாதத்தையும் பிந்தைய மாதத்தையும் சேர்த்துக் கேளுங்கள். சிலர் தர மாட்டார்கள், ரிசப்ஷனில் காக்க வைப்பார்கள். பரவாயில்லை. அந்த மாதங்களில் அறைகள் வழக்கத்தைவிடக் காலியாகக் கிடந்திருந்தால், தேதியை மாற்றிக்கொண்டவர்கள் எவ்வளவு பேர் என்று ஓரளவு பிடிபடும். அப்படி ஓர் ஆய்வேடு வந்தால் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், படிக்கிறேன். இப்போது உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.