ஒரு பிரேக்குக்கு ஒன்றரை மூடி பெட்ரோல்

[திரையில்: ஆல்டோவின் ஓடோமீட்டர்]

வணக்கம். ஆல்டோ கே10 மேனுவல் லிட்டருக்கு 24.39 கிலோமீட்டர் கொடுக்கும் என்பது கம்பெனி சொல்லும் சோதனைக் கணக்கு. சென்னைக்குள் ஓட்டுகிறவரைக் கேட்டால் பதினாறு, பதினேழு என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. சோதனை நடப்பது ரோட்டில் இல்லை, ஆய்வுக்கூடத்தில், உருளைகளின் மேல். சுமார் 20 நிமிடம், பத்தரை கிலோமீட்டர். வேகம் 90-ஐத் தாண்டாது. ஏசி போடமாட்டார்கள். குறுக்கே ஆட்டோவும் வராது.

ஆட்டோ வந்தால் பிரேக் அடிப்போம். ஊருக்குள் நம் பெட்ரோலைக் குடிப்பது பெரும்பாலும் அந்த பிரேக்தான்.

[திரையில்: இருமல் மருந்து பாட்டிலும் மூடியும்]

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆட்களோடு சேர்த்து கார் 900 கிலோ, வேகம் 60 என்று வையுங்கள். அப்போது அதனிடம் இருக்கும் இயக்க ஆற்றல் 125 கிலோஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் கிட்டத்தட்ட 32,000 கிலோஜூல் உண்டு. ஆனால் அதில் ஏறக்குறைய கால்வாசிதான் காரை நகர்த்தும், மிச்சம் சூடாகவே போய்விடும். அப்படியானால் 60-ஐத் தொட்டுவிட்டு ஒரு தடவை அடித்து நிறுத்தினால் சுமார் 15 மில்லி காலி. இருமல் மருந்தின் 10 மில்லி மூடியில் ஒன்றரை மூடி! அண்ணா சாலையில் ஒரு நடை போய்வந்தால் எத்தனை மூடி என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

அதனால் தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்ததுமே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். பின்னால் ஒருவர் ஹாரன் அடிப்பார். அடிக்கட்டும், அவரும் அதே சிக்னலில்தான் நிற்கப் போகிறார்.

சரி, காலை எடுத்ததும் நியூட்ரலில் போடலாமா? வேண்டாம். அது காற்றோடு பெட்ரோலைக் கலந்து இன்ஜினுக்கு அனுப்பிய கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். இன்றைய இன்ஜெக்ஷன் இன்ஜினில், கார் கியரில் ஓடும்போது காலை எடுத்தால், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் அதை அடியோடு நிறுத்திவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். வேகம் நன்றாகக் குறைந்த பிறகுதான் பெட்ரோல் மறுபடி வரும். நியூட்ரலில் போட்டாலோ இன்ஜின் அணையாமல் இருக்கவே பெட்ரோல் வேண்டும்.

[திரையில்: ஏற்காடு மலைப்பாதை]

மலையில் இது பெட்ரோல் விஷயம் மட்டுமில்லை. நியூட்ரலில் இறங்கினால் முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். சூடேறிவிட்டால் பிரேக் பிடிக்காது. அப்பா சொல்லிக்கொடுத்தபடி நானும் பல வருடம் அப்படித்தான் இறங்கினேன். ஒருமுறை கருகல் வாசனை வந்ததோடு விட்டேன். இப்போது ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளும் எனக்கு இரண்டாவது கியரில்தான்.

நெடுஞ்சாலையில் பிரேக்குக்கு வேலை குறைவு, காற்றுதான் எதிரி. வேகம் 80-லிருந்து 100 ஆனால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிடும். விழுப்புரம் வரை 160 கிலோமீட்டர் என்று வைத்தால், 100-இல் போனால் மிச்சமாவது 24 நிமிடம். அது வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். மேலே கேரியர் காலியாகக் கிடந்தால் கழற்றிவிடுங்கள்.

டயர் காற்றைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள். நான் சொல்வது ஒன்றுதான்: காற்றடிக்கும் தம்பி "எவ்வளவுண்ணே?" என்று கேட்டால் குத்துமதிப்பாக முப்பது என்று சொல்லாமல், டிரைவர் கதவைத் திறந்து அங்கே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். அதிலுள்ள அளவு டயர் ஆறியிருக்கும்போது பார்ப்பதற்கானது.

[திரையில்: பங்க்]

அப்புறம், மைலேஜை டேங்கின் அளவு காட்டும் முள்ளைப் பார்த்துக் கணக்கிடாதீர்கள். தானாக கட் ஆகும்வரை டேங்கை நிரப்பி, ஓடோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு முந்நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, முடிந்தால் அதே பங்கில் மறுபடி கட் ஆகும்வரை நிரப்புங்கள். "ரவுண்டாக்கிடவா சார்?" என்றால் வேண்டாம் என்றுவிடுங்கள். ஓடிய தூரத்தை இரண்டாம் தடவை பிடித்த லிட்டரால் வகுத்தால் மைலேஜ். பில்லின் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும், போனில் படம் எடுத்து வையுங்கள்.