அது கை என்று தெரிய வேண்டும்

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, வணக்கம்.

அறிவியல் புனைகதைகளில் ஒரு போர்க்கண்ணாடி வருகிறது. வீரன் அதை மாட்டிக்கொண்டால் எதிரி மனிதனாகத் தெரியமாட்டான். ஏதோ பூச்சியாகத்தான் தெரிவான். இந்தக் கண்ணாடி வீரனைக் காக்குமா, கெடுக்குமா என்பது இன்றைய தலைப்பு. கெடுக்கும் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணியில் பேசிய தம்பி கேட்டார்: "அக்கா, போருக்குப் போய்வந்தவன் ராத்திரியில் அலறி எழாமல் தூங்க வேண்டாமா?" வேண்டும் தம்பி. என் மகன் இப்போது நம் சிங்கப்பூரின் தெக்கோங் தீவில் தேசிய சேவையில், அதாவது கட்டாய ராணுவப் பயிற்சியில் இருக்கிறான். சேர்ந்த அன்று நாங்களும் படகேறிப் போய், அங்கே அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தோம். அவன் தூக்கத்தின் அருமை எனக்குத் தெரியாதா?

ஆனால் அந்தக் கண்ணாடியில் யார் பூச்சியாகத் தெரிய வேண்டும் என்று முடிவு செய்வது யார்? என் மகன் இல்லை. இன்று துப்பாக்கியோடு வருபவன் பூச்சி. நாளை யார்?

நம் ஊரிலேயே நடந்ததுதான். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் ஜப்பானியப் படையிடம் வீழ்ந்தது. 18-ஆம் தேதியே 'சூக் சிங்' களையெடுப்பு தொடங்கிவிட்டது. சீன ஆண்களை வரிசையில் நிறுத்தினார்கள். சில இடங்களில், முகத்தை மூடிக்கொண்டிருந்த ஒருவன் அடையாளம் காட்டினால் போதும், லாரியில் ஏற்றிவிடுவார்கள். விட்டுவிட்டவர்களின் தோலிலோ சட்டையிலோ 'சோதித்தாயிற்று' என்று ஒரு முத்திரை. சந்தைக்கு வந்த இறைச்சிக்குக் குத்துவது போல! ஜப்பானியத் தரப்பு ஒப்புக்கொண்ட கணக்கே சுமார் 5,000 உயிர். போரில் இறந்த பொதுமக்கள் நினைவாகப் பீச் ரோட்டில் நிற்கும் நான்கு வெள்ளைத் தூண்களை எல்லாரும் பார்த்திருப்போம். அவற்றின் அடியில் நூற்றுக்கணக்கான தாழிகளில் எலும்புகள் இருக்கின்றன.

"அப்போது கண்ணாடி ஏது? மனிதன் வெறுங்கண்ணோடுதானே அதைச் செய்தான்?" என்று எதிரணி கேட்கும். கேட்க வேண்டிய கேள்வி. இதற்குத்தான் ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவுக்குப் போகிறேன்.

1994-இல் அங்கே வானொலி, டுட்சி மக்களைக் 'கரப்பான்' என்று திரும்பத் திரும்பச் சொன்னது. சுமார் 100 நாளில் லட்சக்கணக்கானவர்கள் கொல்லப்பட்டார்கள். ஆனால் கொன்றவர்களின் இனமான ஹூட்டு மக்களிலேயே சிலர் பக்கத்து வீட்டு டுட்சிகளைத் தங்கள் வீட்டில் ஒளித்துக் காப்பாற்றினார்கள், தங்கள் உயிரைப் பணயம் வைத்து. அவர்கள் நாட்டிலும் ஒலித்தது அதே வானொலிதானே! காதில் கரப்பான் என்று விழுந்தது; வாசலில் வந்து நின்றதோ பழகிய முகம். அவர்கள் கண்ணை நம்பினார்கள். வானொலி எவ்வளவு கத்தினாலும் அந்தக் கண்ணைத் தொட முடியவில்லை, நடுவர் அவர்களே. இந்தக் கண்ணாடி தொடுவது அதைத்தான். கொல்கிறவர்கள் கண்ணாடி இல்லாமலும் கொன்றார்கள். கண்ணாடி வந்தால், காப்பாற்றுகிறவர்களும் இருக்கமாட்டார்கள்.

ஆயுதத்தைக் கீழே போட்டவனை மனிதனாக நடத்த வேண்டும் என்று 1949 ஜெனீவா ஒப்பந்தங்கள் சொல்கின்றன. கரப்பானுக்கு ஏது ஆயுதம், போடுவதற்கு? அது எப்படிச் சரணடையும்? கண்ணாடி போட்டவன் அந்தச் சட்டத்தைக் கடைப்பிடிக்க நினைத்தாலும் முடியாது. பிறகு ஒருநாள் கண்ணாடியைக் கழற்றித்தானே ஆக வேண்டும்? அன்றைக்குத் தூக்கம் வருமா தம்பி?

என் மகன் சுடக் கற்றுக்கொள்ளட்டும், நான் தடுக்கவில்லை. எதிரே ஒருவன் கையைத் தூக்கினால், அது கை என்று அவனுக்குத் தெரிய வேண்டும். நன்றி, வணக்கம்.