செக் போட்டால் பணம் எப்போது கைக்கு வரும்?

நேயர்களுக்கு வணக்கம். வங்கியில் கிளியரிங் பிரிவில், அதாவது மற்ற வங்கிகளின் செக்குகளை வசூலித்துக் கணக்குத் தீர்க்கும் பிரிவில், நெடுநாள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கவுன்ட்டரில் அதிகம் கேட்ட கேள்வி இதுதான்: "செக் போட்டாச்சு, இன்னும் பணம் ஏறலையே, அதை வைத்து வட்டி பார்க்கிறீங்களா சார்?"

முதலில் ஒன்று. செக் பணம் இல்லை. பணம் கொடுக்கும்படி ஒருவர் தன் வங்கிக்கு எழுதும் உத்தரவு. உங்கள் வங்கி உங்களுக்காக வசூல் செய்கிறது, அவ்வளவுதான். எழுதியவருடைய வங்கிதான் கையெழுத்து, தேதி, எண்ணிலும் எழுத்திலும் தொகை, கணக்கில் இருப்பு எல்லாம் பார்த்து முடிவு சொல்ல வேண்டும். ஒரே வங்கியின் செக் என்றால் கிளியரிங்குக்கே போக வேண்டாம், சீக்கிரம் முடிந்துவிடும்.

முன்பு காகிதமே ஊர் ஊராகப் பயணம் போனது. வெளியூர் செக்குக்கு வாரக்கணக்கில் காத்திருந்தோம். பிறகு செக்கின் படத்தை மட்டும் அனுப்பும் முறை 2008-இல் டெல்லியிலும் 2011-இல் சென்னையிலும் தொடங்கியது. படம் நொடியில் போய்விடும். பணம் மட்டும் ஏன் மறுநாள் வந்தது? ரிட்டர்னுக்காகக் காத்திருந்தோம். வங்கிகளுக்கிடையே கணக்குத் தீர்ந்தாலும், செக் திரும்பி வரும் நேரம் முடியும்வரை உங்கள் கணக்கில் பணத்தை எடுக்க விடமாட்டோம். கொடுத்த பிறகு செக் திரும்பினால் யாரிடம் போய்க் கேட்பது? ஆனாலும் அதுவரை பணம் வங்கியிடம்தான் இருந்தது, அதனால் அந்த வட்டிச் சந்தேகம் முழுக்கத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன்.

2025 அக்டோபர் 4 முதல் ரிசர்வ் வங்கி இதை மாற்றியது. செக் படங்களை மொத்தமாகக் கட்டி அனுப்பாமல், பகல் முழுக்க வரவர அனுப்ப வேண்டும். எழுதியவரின் வங்கி அன்று இரவு 7 மணிக்குள் பதில் சொல்லாவிட்டால் மௌனம் சம்மதம், செக் பாஸ் ஆனதாகவே கணக்கு. கணக்குத் தீர்ந்து ஒரு மணி நேரத்துக்குள் உங்களுக்குப் பணத்தை விட வேண்டும். என்னைக் கேட்டால், வேகத்தைவிட அந்த மௌன விதிதான் பெரிய மாற்றம். சும்மா இருப்பதன் நஷ்டம் இப்போது சும்மா இருக்கும் வங்கிக்கே. தொடக்கத்தில் தொழில்நுட்பக் கோளாறால் பல செக்குகள் தேங்கி நின்றன, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வியாபாரிகளுக்கு ஓர் எச்சரிக்கை. தெரியாத ஆள் விலைக்கு மேல் தொகை போட்டு செக் கொடுத்து, மீதியை ஜிபேயில் அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள். செக் பாஸ் ஆனதா என்று வங்கியில் கேட்டுவிட்டுத்தான் சரக்கையும் விட வேண்டும்.

செக் எழுதுகிறவர்களுக்கும் வேலை இருக்கிறது. பெயரிலோ தொகையிலோ அடித்துத் திருத்தினால் செக் திரும்பிவிடும். புதுச் செக் தாளில் எழுதுங்கள். 50,000 ரூபாயும் அதற்கு மேலும் என்றால், பாசிட்டிவ் பே முறையில் செக் எண், தேதி, பெயர், தொகையை உங்கள் வங்கிக்கு முன்கூட்டியே தெரிவிக்கலாம். பெரிய தொகைக்கு, ஐந்து லட்சத்திலிருந்து, சில வங்கிகள் இதைக் கட்டாயமாக்கியும் இருக்கின்றன. தேதி போட்டு மூன்று மாதம் தாண்டிய செக் செல்லாது.

எல்லாம் சரியாக இருந்தும் பணம் வரவில்லையா? செக் போட்ட ரசீதோடு கிளைக்குப் போய் எழுத்தில் புகார் கொடுங்கள். தாமதத்துக்கு வட்டி தருவது பற்றி ஒவ்வொரு வங்கியிலும் எழுதி வைத்த கொள்கை உண்டு, அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. நன்றி, வணக்கம்.