பெட்டியிலருந்து எடுத்த உடனே ட்ரிகர் நல்லா இருக்கற ரிவால்வர் எது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. இங்க டில்லி மயூர் விஹார்லருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. "அண்ணா, அப்பாவோட லைசென்ஸ் இப்ப என் பேருக்கு வந்துருச்சு, ஒரு ரிவால்வர் வாங்கணும், டபுள் ஆக்‌ஷன் ட்ரிகர் பேக்டரிலருந்து வரும்போதே நல்லா இருக்கறது எது, ஸ்மித் அண்ட் வெஸனா, கோல்ட்டா, ரூகரா, ட்ரிகரை இழுக்க எது எத்தனை கிலோ"ன்னு.

நல்ல கேள்வி, ஆனா அந்த கடைசி எத்தனை கிலோ இருக்கு பாருங்க, அதுலதான் எல்லாரும் ஏமாறுறாங்க.

டபுள் ஆக்‌ஷன்னா ட்ரிகரை மட்டும் இழுத்தே சுடறது, அதுல விரல் ஒரு வேலை பாக்கல, ஒரே இழுப்புல நாலு வேலை பாக்குது. மேல இருக்கற ஹேமரை பின்னாடி தள்ளணும், அந்த ஹேமரைத்தான் நம்ம ஊர்ல குதிரைன்னு சொல்லுவாங்க, இங்க ஹிந்திலயும் கோடான்னுதான் சொல்றாங்க, அதே குதிரைதான். அப்புறம் தோட்டா வைக்கற அறைகள் இருக்கற சிலிண்டரை ஒரு அறை திருப்பணும், அதைப் பூட்டி நிறுத்தணும், கடைசில குதிரையை விடணும். அதனால நாலரை அஞ்சு கிலோ வர்றது சகஜம். குதிரையை முன்னாடியே கையால இழுத்து வச்சு சுட்டா ரெண்டு கிலோக்குள்ளதான் இருக்கும், அது சிங்கிள் ஆக்‌ஷன், அதுல யாருக்கும் பெருசா பிரச்சனை வராது.

இப்ப கிணத்துல தண்ணி இறைச்சவங்களுக்கு நான் சொல்றது சட்டுனு புரியும். வாளி தண்ணிக்குள்ள இருக்கற வரைக்கும் லேசா வரும், தண்ணிய விட்டு மேல வந்ததும் திடீர்னு கனக்கும் இல்ல, அதுக்கு பேருதான் ஸ்டாக்கிங். பழைய கோல்ட் பைதான் 1955ல வந்துச்சு, கையால தேச்சு தேச்சு பிட் பண்ணுவாங்க, ஆரம்பம் வெண்ணை மாதிரி இருக்கும், ஆனா கடைசில கனம் ஏறும், உள்ள இருக்கற வி மாதிரி மடிச்ச ஸ்ப்ரிங் அப்படி. சில பேருக்கு அதுதான் பிடிக்கும், வாளி கனத்த உடனே இதோ இப்ப வெடிக்கப் போவுதுன்னு தெரிஞ்சிடும், அங்க ஒரு நொடி நின்னு குறி பாத்துட்டு விடலாம். எனக்கு ஒத்து வராது. நான் நின்னா கை ஆட ஆரம்பிச்சிடும். 2020ல புது பைதான் விட்டாங்க, உள்ள டிசைனை மாத்திட்டாங்க, அந்த கடைசி கனம் ரொம்ப குறைஞ்சிருச்சு, பேக்டரி ட்ரிகர்ல இன்னிக்கு மேல வைக்கணும்னா நான் அதைத்தான் வைப்பேன்.

ஸ்மித் அண்ட் வெஸனோட பெரிய மாடல்கள்ல பட்டையான ஒரு லீப் ஸ்ப்ரிங், ஆரம்பத்துலருந்து கடைசி வரைக்கும் கனம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. நிக்காம இழுத்துகிட்டே போறவங்களுக்கு அது வரப்பிரசாதம். விட்டா ட்ரிகர் டக்குனு திரும்பி வரும், அதையும் பாக்கணும், இழுக்கறதை மட்டும் பாத்தா பத்தாது. ஜெர்ரி மிக்குலெக்னு அமெரிக்க வேகத் துப்பாக்கி வீரர் 1999ல ஸ்மித் அண்ட் வெஸன் வச்சு ஆறு சுட்டு, ரீலோட் பண்ணி, இன்னொரு ஆறு சுட்டாரு, மொத்தம் 2.99 செகண்ட். அவரு ட்ரிகர் கடையில கிடைக்கற ட்ரிகர்னு நினைச்சுக்காதீங்க, ஆனா அடிப்படை அமைப்பு அதுதான்.

ரூகர் ஜிபி100ல சுருள் மாதிரி காயில் ஸ்ப்ரிங், மாடு மாதிரி உழைக்கும், புதுசுல கொஞ்சம் கரகரன்னு இருக்கும், இழுக்க இழுக்க வழிக்கு வரும். அதே ரூகரோட சின்ன எல்சிஆர், 2009ல வந்தது, உள்ள கேம்னு வளைவா ஒரு பாகம் வச்சு உராய்வைக் குறைச்சிருக்காங்க, அந்த சைஸ்ல அவ்ளோ சீரா வர்றது ஆச்சரியம்தான். மோசமான உதாரணம் வேணும்னா ரஷ்யாவோட நாகான்ட் 1895, அதுல ட்ரிகரை இழுத்தா சிலிண்டர் சுத்துறது மட்டும் இல்ல, முன்னாடி நகர்ந்து பேரலோட ஒட்டிக்கவும் செய்யும், அந்த வேலையும் உங்க விரல் தலைல, ஒன்பது பத்து கிலோ, விரல் கழண்டுரும்.

ஆனா தம்பி, டில்லில கடைக்குப் போயி புது பைதான் ஒன்னு குடுங்கன்னு கேக்க முடியாது. சாதாரண லைசென்ஸ்காரங்களுக்கு வெளிநாட்டு ரிவால்வர் இம்போர்ட் எண்பதுகள்லயே மூடியாச்சு, கைமாறி கைமாறி வர்ற பழசுதான், விலை கேட்டா மயக்கம் வரும். அதனால உங்க கையில வரப்போறது பெரும்பாலும் .32 போர், அதாவது .32 அங்குல அளவு தோட்டா போடற, கான்பூர் அரசு ஆலை சரக்கு. 2014ல வந்த நிர்பீக் வெறும் 500 கிராம். 2023ல வந்த பிரபல் 700 கிராம், சிலிண்டர் பக்கவாட்டுல திறக்கும். இங்க ஒரு கணக்கு போடுங்க, ட்ரிகர் அஞ்சு கிலோன்னு வச்சா, அரை கிலோ பொருளை அதோட எடை மாதிரி பத்து மடங்கு அழுத்தி இழுக்கறீங்க, முனை ஆடாம என்ன பண்ணும்? லேசான துப்பாக்கில ட்ரிகர் சீரா இருக்கறது இன்னும் முக்கியமா போகுது.

துக்ளகாபாத்ல கர்ணி சிங் ரேஞ்ச்ல ஒரு நாள் ஒரு நண்பர் புதுசா வாங்கினதை காட்டினாரு, கம்பெனி பேரு வேணாம். மொத ரெண்டு இழுப்பு அருமை, மூணாவதுல சோத்துல கல்லு கடிச்ச மாதிரி ஒரு நறுக். திருப்பி ஒரு சுத்து போனா, அதே அறைல அதே நறுக். சிலிண்டர் பின்னாடி நட்சத்திரம் மாதிரி பல்லு இருக்கும், ஆறுல ஒன்னு சரியா ராவாம விட்டிருக்காங்க. அதே மாடல்ல இன்னொரு பீஸ் அவரோட அண்ணன் வச்சிருக்காரு, அது கண்ணாடி மாதிரி போகுது. இப்ப சொல்லுங்க, மாடல் பேரை வச்சு ட்ரிகர் நல்லதா கெட்டதான்னு எப்படி சொல்றது.

இன்னொருத்தர் கனமா இருக்குன்னு ஸ்ப்ரிங்கை வெட்டிட்டாரு. ஆறு ரவுண்ட்ல ரெண்டு வெடிக்கல, தோட்டா அடில அடிபட்டு தீ மூட்டற பிரைமரை அடிக்க குதிரைக்கு வலு இல்ல. அப்படி ஆனா உடனே திறக்கக் கூடாது, முனையை டார்கெட் பக்கமே வச்சு அரை நிமிஷம் காத்திருக்கணும். அதுவும் இல்லாம ரிப்பேர் பண்றவருக்கும் ஆர்ம்ஸ் ஆக்ட்படி லைசென்ஸ் வேணும், லைசென்ஸ் இல்லாம கரோல் பாக்ல நல்ல மிஸ்திரி ஒருத்தர் இருக்காருன்னு யாராவது சொன்னா கும்பிடு போட்டுட்டு வந்துருங்க.

கடைல என்ன பண்ணணும்னா, சிலிண்டரைத் திறந்து ஆறு அறையும் காலின்னு நீங்களே பாருங்க, மருந்தில்லாத டம்மி ரவுண்ட் போட்டு டிரை பயர், அதாவது வெடிக்காம சும்மா ட்ரிகரை இழுத்து பாக்கறது, பண்ணலாமான்னு கேளுங்க. ஒரு தடவை இழுத்துட்டு சூப்பர்னு சொல்லாதீங்க, ஆறு அறையும் மெதுவா, கண்ணை மூடிக்கிட்டு கூட இழுக்கலாம், விரல் சொல்லும். அப்புறம் பேரல் நுனில இருக்கற முன் குறிமேல ஒரு ரூபா காசை வச்சு, அகலமா இருந்தாதான் நிக்கும், குதிரை விழும்போது காசு நிக்குதான்னு பாருங்க. மூணு பீஸ் எடுத்து வைக்க சொன்னா கடைக்காரர் மூஞ்சை சுளிப்பாரு. சுளிக்கட்டும், காசு நீங்கதானே குடுக்கறீங்க. சரி அடுத்தது, பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் பத்தி ஒரு அம்மா கேட்டிருக்காங்க...