கோர்ன் பாடல்களில் எது சிறந்தது? வார்த்தை நின்ற பிறகும் ஓயாத குரல்

வணக்கம் மக்களே. இன்றைக்கு கோர்ன். "கோர்ன்ல பெஸ்ட் பாட்டு எது, எங்கேருந்து ஆரம்பிக்கணும்?" என்று கமெண்ட்டில் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். 1993இல் தொடங்கிய அமெரிக்க மெட்டல் பேண்ட், இன்னும் மேடையில் நிற்கிறது. 2022 வரைக்குமே 14 ஸ்டுடியோ ஆல்பம். அத்தனையையும் வரிசைப்படுத்தி, பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணி இறங்கும் வீடியோ இல்லை இது.

என்னிடம் இருப்பது ஒரே அளவுகோல். பேண்டின் பாடகர் ஜொனதன் டேவிஸ் பாடிக்கொண்டே போவார். ஒரு கட்டத்தில் வார்த்தை போதாமல் நின்றுவிடும். ஆனால் தொண்டை நிற்காது. உறுமல், உளறல், அழுகை, பேக்பைப் என்ற ஊதுகருவி, ஏதோ ஒன்று வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கோர்னின் உச்சமான பாட்டுகள் எல்லாமே அந்த இடத்தைச் சுற்றித்தான் இருக்கின்றன என்பது என் கட்சி. வாங்க, பார்க்கலாம்.

முதலில் ஊர். கலிபோர்னியாவில் பேக்கர்ஸ்ஃபீல்ட். லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வடக்கே காரில் சுமார் இரண்டு மணி நேரம். எண்ணெய்க் கிணறு, விவசாயம், கடும் வெயில். இசையில் அந்த ஊருக்கு ஏற்கனவே பெரிய பெயர் உண்டு, ஆனால் அது கன்ட்ரி இசையில். பக் ஓவன்ஸ், மெர்ல் ஹேகர்ட் எல்லாம் அந்த ஊர்க்காரர்கள்தான். டேவிஸின் அப்பாவே பக் ஓவன்ஸின் குழுவில் கீபோர்டு வாசித்தவர். அந்த வீட்டுப் பையன் உள்ளூர் பள்ளியில் ஸ்காட்லாந்து பேக்பைப் கற்றுக்கொண்டான், படித்து முடித்ததும் பிரேதப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குப் போனான். அப்புறம்தான் கோர்ன்.

அடுத்து சத்தம். மங்கி, ஹெட் என்ற பட்டப்பெயர்களில் இரண்டு கிட்டார்காரர்கள். இருவருக்கும் ஐபானெஸ் நிறுவனத்தின் ஏழு தந்தி கிட்டார். ஸ்டீவ் வாய் (Vai) போன்ற கிட்டார் வித்தைக்காரர்கள் வேகமாக சோலோ வாசிக்கக் கொண்டுவந்த கருவி அது. இவர்கள் அதை இன்னும் ஒரு முழு சுரம் கீழே இறக்கி, அடித் தந்தியை 'ஏ' வரைக்கும் தளர்த்தி, சோலோ பக்கமே போகாமல் கனத்துக்காக மட்டும் வைத்துக்கொண்டார்கள். கிட்டாரே அவ்வளவு கீழே போய்விட்டால் பேஸ் எங்கே போகும்? ஃபீல்டி அதற்கு ஒரு வழி கண்டார். தந்தியை அறைந்து வாசித்து, நடு ஒலியைக் குறைத்துவிட்டார். அவருடைய பேஸில் சுரத்தை விட 'டக் டக்' என்ற அடிதான் முன்னால் வரும், கிட்டத்தட்ட இன்னொரு டிரம்ஸ் மாதிரி. கீழே கனமான கிட்டார், மேலே டக் டக், நடுவில் ஒரு பெரிய வெற்றிடம். டேவிஸின் குரலுக்கு அந்த வெற்றிடம்தான் வீடு.

சரி, பாட்டுக்கு வருவோம். 1994 அக்டோபரில் வந்த முதல் ஆல்பம், பேண்டின் பெயரிலேயே. தயாரிப்பாளர் ராஸ் ராபின்சன், பதிவு மாலிபுவில் இண்டிகோ ராஞ்ச் ஸ்டுடியோவில். முதல் பாட்டு 'பிளைண்ட்'. இதன் தொடக்கத்தை நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள். சிம்பலில் சின்னத் தட்டு மட்டும் ஓடுகிறது. ஒரு கிட்டார் வருகிறது. சற்று நேரம் கழித்து அதோடு ஒட்டாத மாதிரி இன்னொரு கிட்டார். அவசரமே இல்லை. ஒவ்வொருவராக வந்து சேர்ந்து, இறுக்கம் ஏறிக்கொண்டே போய், ஒரு புள்ளியில் டேவிஸ் "தயாரா?" என்று நீட்டிக் கேட்கிறார். அந்தக் கேள்வியின் கடைசியில் வார்த்தை கரைந்து வெறும் உறுமலாகிவிடுகிறது. அப்போதுதான் மொத்த பேண்டும் இறங்குகிறது. 1999 வுட்ஸ்டாக் இசைவிழா காணொளியில் இந்தப் பாட்டு தொடங்கும் இடத்தைப் பாருங்கள், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கூட்டம் ஒரே உடம்பாகக் குதிக்கும். டேவிஸ் முன்பு இருந்த செக்ஸார்ட் குழுவிலேயே பிறந்த பாட்டு இது, ஆனால் இந்த உருவம் கோர்ன் கொடுத்தது.

அதே ஆல்பத்தில் 'ஷூட்ஸ் அண்ட் லாடர்ஸ்'. பேக்பைப்பில் தொடங்குகிறது. வரிகள் எல்லாம் ஆங்கில நர்சரி ரைம்ஸ். ரிங்கா ரிங்கா, லண்டன் பிரிட்ஜ், மேரியின் ஆட்டுக்குட்டி என்று எல்.கே.ஜி.யில் நாமும் பாடிய அதே பாட்டுகள்தான். இந்த ரைம்ஸுக்குள் கொள்ளைநோயும் சாவும் ஒளிந்திருக்கின்றன என்பது டேவிஸின் எண்ணம். ரிங்கா ரிங்காவுக்குச் சொல்லப்படும் அந்தக் கொள்ளைநோய்க் கதையை நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் ஏற்பதில்லை, அது வேறு விஷயம். பாட்டில் நடப்பதுதான் எனக்கு முக்கியம். குழந்தைப் பாட்டு, வரி மாறாமல், போகப்போக அலறலாகிறது. எல்லாருக்கும் மனப்பாடமான வரி என்பதால் அர்த்தம் உதிர்ந்து குரல் மட்டும் மிஞ்சுகிறது. கிராமி பரிந்துரை வரைக்கும் போன பாட்டு.

இப்போது 'டாடி'. குழந்தை மீதான பாலியல் வன்முறை பற்றிய பேச்சு இது. கேட்க வேண்டாம் என்று நினைப்பவர்கள் அடுத்த பகுதிக்குப் போய்விடுங்கள், ஒன்றும் தப்பில்லை.

தலைப்பைப் பார்த்துவிட்டு அப்பாவைப் பற்றிய பாட்டு என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். டேவிஸ் பேட்டிகளில் அதைத் தெளிவாக மறுத்திருக்கிறார். சிறுவயதில் தன்னை வதைத்தது வேறு ஒருவர், பெற்றோரிடம் போய்ச் சொன்னபோது அவர்கள் நம்பவில்லை என்கிறார். பாட்டின் நடுவில் இருப்பது அந்த நம்பாமைதான். ஸ்டுடியோவில் பாடிக்கொண்டிருக்கும்போதே அவர் உடைந்து போகிறார். வார்த்தை குழறி, வசையாகி, அதுவும் முடியாமல் வெறும் விம்மலாகிறது. ராபின்சன் பதிவை நிறுத்தவில்லை. பேண்டும் நிறுத்தவில்லை. அவர் அழ அழ, பின்னால் வாசித்துக்கொண்டே இருக்கிறார்கள். நிமிடக்கணக்கில் நீள்கிறது அது. கடைசியில் ஒரு கதவு சாத்தும் சத்தம்.

இதைச் 'சிறந்த பாட்டு' என்று பட்டியலில் போடலாமா என்று கேட்டால், போடத்தான் வேண்டும் என்பேன். சோகத்தை நடிக்காத பதிவு என்று ராக்கில் எதையாவது காட்டச் சொன்னால் நான் காட்டுவது இதைத்தான். ஆனால் சும்மா ஓடவிட்டுக் கேட்கிற பாட்டில்லை. அவர்களே பல வருடம் மேடையில் இதைத் தொடவில்லை. முதல் ஆல்பத்தின் இருபதாம் ஆண்டை ஒட்டி முழு ஆல்பத்தையும் மேடையில் வாசித்தபோது, 2015இல் இதையும் வாசித்தார்கள். நம்பப்படாமல் போன ஒரு பிள்ளையின் குரலுக்கு இவ்வளவு இடம் கொடுத்த ஆல்பம் ஒரு பெரிய நிறுவனத்தின் வழியாகக் கடைக்கு வந்தது என்பதே எனக்கு இன்னும் பெரிய விஷயம்.

1996இல் 'லைஃப் இஸ் பீச்சி'. அதன் முதல் பாட்டு 'ட்விஸ்ட்', ஒரு நிமிடம்கூட இல்லை. தலைப்பைத் தவிர வேறு வார்த்தையே கிடையாது என்று சொல்லிவிடலாம், மற்றதெல்லாம் தொண்டைக்குள் உருளும் அசைகள். முதல் ஆல்பத்தின் 'பால் டங்' பாட்டிலேயே இதை முயன்றிருந்தார்கள். இங்கே அதை மட்டுமே பாட்டாக்கிவிட்டார்கள். அந்தத் துணிச்சலுக்காகவே என் பட்டியலில் இடம் உண்டு.

1998 ஆகஸ்ட். 'ஃபாலோ தி லீடர்'. அமெரிக்க ஆல்பம் பட்டியலில் நேராக முதல் இடம். சிடியைப் போட்டால் முதல் 12 டிராக்கும் மௌனம், பாட்டு 13இல்தான் தொடங்கும். இதில்தான் 'ஃப்ரீக் ஆன் எ லீஷ்'. என்னைக் கேட்டால் கோர்னின் ஆகச் சிறந்த பாட்டு இதுதான், இரண்டாம் இடத்தில் இருப்பது ரொம்பக் கீழே நிற்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். தொடக்கத்தில் கிட்டாரா என்று சந்தேகப்பட வைக்கும் ஒரு கீச்சொலி. சரணத்தில் டேவிஸ் கிட்டத்தட்ட முணுமுணுக்கிறார், ஃபீல்டியின் டக் டக் அவரைச் சுற்றி நடக்கிறது. பல்லவியில் கிட்டார் இரண்டும் இறங்கிக் கனம் கூடுகிறது. இதுவரைக்கும் அருமையான பாட்டு, அவ்வளவுதான். பாதி தாண்டியதும் எல்லாம் ஒதுங்கிக்கொள்கிறது. டேவிஸ் தாழ்ந்த குரலில் அசைகளை உதிர்க்க ஆரம்பிக்கிறார். ப, ம, ந, ட என்று உதட்டிலும் நாக்கிலும் அடிபட்டுத் தெறிக்கும் அசைகள், எந்த மொழியிலும் சேராதவை. ஜதி சொல்வது போலக் கேட்கும். ஆனால் ஜதியில் கணக்கு முதலில் இருக்கும், இங்கே கோபம் முதலில் வருகிறது, கணக்கு பின்னால் ஓடிவந்து சேர்ந்துகொள்கிறது. கவனியுங்கள், ஒவ்வொரு சுற்றிலும் குரல் கொஞ்சம் தடிக்கிறது, மூச்சு விடும் இடைவெளி சுருங்குகிறது. ஒரு கத்தல். அப்புறம் பேண்ட் மொத்தமாக மேலே வந்து விழுகிறது.

இசை வணிகம் தன்னைக் கட்டிவைத்து உறிஞ்சுகிறது என்ற ஆத்திரம்தான் பாட்டின் விஷயம். அதை வரி வரியாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், சொல்லிச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை என்ற இடத்தில் சொல்லையே விட்டுவிடுகிறார். ஆங்கிலம் ஒரு வரி புரியாதவருக்கும் அந்த இடம் புரியும். கேட்டவர்கள் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

வீடியோவும் அதற்குச் சளைத்ததில்லை. டாட் மெக்ஃபார்லேன், ஜொனதன் டேட்டன், வாலரி ஃபாரிஸ் மூவரும் இயக்கியது. அனிமேஷனில் ஒரு தோட்டா வெடித்து, சுவரொட்டியைக் கிழித்துக்கொண்டு நிஜ உலகத்துக்குள் வந்து, சாமான்களைத் துளைத்துக்கொண்டே போய், பேண்டைச் சுற்றிச் சுழன்று, கடைசியில் திரும்பிப் போகிறது. 1999 எம்டிவி விருதில் சிறந்த ராக் வீடியோ, சிறந்த எடிட்டிங், அப்புறம் குறும் இசை வீடியோவுக்கான கிராமி. 2006 டிசம்பரில் நியூயார்க்கில் எம்டிவி அன்பிளக்டு நிகழ்ச்சிக்காக எவனெசென்ஸ் பேண்டின் பாடகி ஏமி லீயோடு இதையே அமைதியான அக்கூஸ்டிக் வடிவில் பாடினார்கள். கனமான கிட்டாரை எடுத்துவிட்டாலும் மெட்டு அழகாக நிற்கிறது. அதையும் தேடிப் பாருங்கள்.

அதே ஆல்பத்தில் 'காட் தி லைஃப்', டிஸ்கோ தாளத்தில் ஓடும் கோர்ன். ஆடலாம், ஜாலியான பாட்டு, தாண்டிப் போகிறேன். 1999இல் 'ஃபாலிங் அவே ஃப்ரம் மீ'. சவுத் பார்க் கார்ட்டூன் தொடரின் ஒரு ஹாலோவீன் எபிசோடில் முதன்முதலாக ஒலித்த பாட்டு. ஆனால் விஷயம் வீட்டுக்குள் நடக்கும் வன்முறை. தொடக்கத்தில் மணி மாதிரி ஒலிக்கும் அந்தச் சின்ன கிட்டார் மெட்டு, ஒரு தடவை காதில் விழுந்தால் போகவே போகாது. 2002இல் வந்த 'ஹியர் டு ஸ்டே', சிறந்த மெட்டல் பாட்டுக்கான கிராமி வாங்கியது. வார்த்தை நிற்கும் இடம் இதில் இல்லை. அதனால் என் அளவுகோலுக்குள் வராது. ஆனாலும் கிட்டார் இவ்வளவு தடிமனாக ஒலித்த கோர்ன் பாட்டு வேறில்லை, ஸ்பீக்கரில் சத்தமாகவே கேளுங்கள்.

2005இல் ஹெட் கிறிஸ்தவ நம்பிக்கைக்குத் திரும்பி பேண்டை விட்டு விலகினார். அடுத்த வருடம் டிரம்ஸ் வாசித்த டேவிட் சில்வேரியாவும் இல்லை. இந்தக் காலத்தில் 'கமிங் அன்டன்' நல்ல பாட்டு. 2011இல் ஸ்க்ரில்லெக்ஸ் போன்ற எலெக்ட்ரானிக் இசைக்காரர்களோடு டப்ஸ்டெப் என்ற எலெக்ட்ரானிக் நடன இசை பாணியில் ஆல்பம் செய்தார்கள். முயற்சியை மதிக்கிறேன், ஆனால் அந்த நடு வெற்றிடத்தை எலெக்ட்ரானிக் சத்தம் அடைத்துவிட்டது, குரல் மூச்சுவிட இடமில்லை. 2013இல் ஹெட் திரும்பி வந்து ஆல்பம் செய்தார். 2016இல் 'ராட்டிங் இன் வெய்ன்' வந்தது. நடுவில் அதே அசை உதிர்க்கும் உறுமல்! வயசாகிவிட்டது என்று யாராவது சொன்னால் இந்தப் பாட்டைப் போட்டுக் காட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. 2018 ஆகஸ்டில் டேவிஸின் மனைவி இறந்துபோனார். 2019 செப்டம்பரில் வந்த 'தி நத்திங்' ஆல்பம் முழுக்க அந்தத் துக்கம். முதல் டிராக் 'தி எண்ட் பிகின்ஸ்'. பேக்பைப் ஒலிக்கிறது, கூடவே சில வரிகள், பிறகு டேவிஸ் உடைந்து அழுகிறார். 'டாடி' பதிவாகி 25 வருடம் கழித்து, ஊரறிந்த பெரிய ஆள் ஆனபிறகு, மைக் முன்னால் மறுபடி அழுகிறார். இந்தத் தடவை அழுகைக்குப் பிறகு கதவு சாத்தவில்லை. ஆல்பம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அதே ஆல்பத்தில் 'ஃபைனலி ஃப்ரீ' கேளுங்கள், இழந்தவரை நினைத்துப் பாடுவது எப்படி என்று தெரியும்.

புதிதாகக் கேட்கப்போகிறவர்களுக்கு என் வரிசை இது. 'ஃப்ரீக் ஆன் எ லீஷ்', 'பிளைண்ட்', 'ராட்டிங் இன் வெய்ன்', அப்புறம் 'ஷூட்ஸ் அண்ட் லாடர்ஸ்'. இந்த நாலும் பிடித்துவிட்டால் முதல் ஆல்பத்தை முழுசாகக் கேளுங்கள். 'டாடி'யை மட்டும் மனசு திடமாக இருக்கும் ஒரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பட்டியலில் நான் விட்ட பாட்டு எது, அதில் எந்த இடம் உங்களைப் பிடித்தது என்று கமெண்ட்டில் எழுதுங்கள், எல்லாவற்றையும் படிக்கிறேன். அடுத்த வீடியோவில் டெஃப்டோன்ஸ் பேண்டைப் பற்றிப் பேசலாம்.