கூடு விட்ட உயிரும் கனவில் விழித்த கண்ணும்

(இலங்கை மலையகத்தில் அட்டனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் வாசகசாலை ஆண்டு விழாவில் பேசியது. வர முடியாதவர்கள் கேட்டதால் எழுதித் தருகிறேன்.)

விழாத் தலைவர் அவர்களே, இந்த மண்டபத்துக்குக் கூரைத் தகரம் தந்துதவிய தோட்டத் துரை அவர்களே, காலைப் பூசையை முடித்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் குருக்கள் ஐயா அவர்களே, பாடசாலை அதிபர் அம்மா அவர்களே, வெவ்வேறு தொழிற்சங்கங்களைச் சேர்ந்தவர்களாக இருந்தும் ஒரே வாங்கில் உட்கார்ந்திருக்கும் தலைவர்மார்களே, தோட்ட மருத்துவ உதவியாளர் அவர்களே, மலையிலிருந்து இறங்கி, கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு நேராக இங்கே வந்திருக்கும் அம்மாமார்களே, எல்லாருக்கும் என் வணக்கம். மழையில் நனைந்து ஒலிபெருக்கி கட்டிய தம்பிமாருக்குத் தனியாக ஒரு வணக்கம். பொன்னாடை போர்த்திய வாசகசாலைச் செயலாளருக்கும் என் நன்றி.

என் பேச்சைக் கேட்டவர்களுக்கு நான் எந்தப் பழமொழியில் தொடங்குவேன் என்று தெரியும். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். நாற்பது வருடம் வகுப்பறையில் சொன்னேன், இன்றைக்கும் அதையே சொல்கிறேன்.

மூன்று விடயம் பேசப் போகிறேன். ஒன்று, கனவுக்குள்ளேயே "இது கனவு" என்று தெரிந்துவிடும் தெளிவுக் கனவு. இரண்டு, உடம்பை விட்டு வெளியே வந்து, கிடக்கிற உடம்பை மேலே நின்று பார்க்கும் அனுபவம். மூன்று, நம் சித்தர்கள் சொன்ன கூடு விட்டுக் கூடு பாய்தல். முதல் இரண்டையும் ஒன்று என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். ஒன்றல்ல. இவை இன்னதென்று விளங்காததால் என் சொந்தக் குடும்பத்தில் என்ன நடந்தது என்று சொன்னால் உங்களுக்கு விளங்கும்.

என் அத்தையின் கதை அது. 1991ஆம் வருடம். மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் இரட்டை லயம், அதாவது முதுகோடு முதுகு ஒட்டிய தொழிலாளர் வரிசை வீடு. முன்வரிசைக் காம்பராவின் பின்சுவர்தான் பின்வரிசைக் காம்பராவுக்கும் பின்சுவர். பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள் அத்தை, மாமா, மூன்று பிள்ளைகள், அடுப்பு, விறகு. கொழுந்து மலிந்திருந்த காலம். விடியுமுன் எழுந்து ரொட்டி சுட்டு, வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய், அந்தி சாய்ந்து வந்து, ராத்திரி பதினொரு மணிக்குப் படுப்பார். மல்லாந்து படுத்தபடியே அசந்துபோவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அத்தை வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தி, "தம்பி, ராத்திரி நான் மேல போயிட்டேன்யா" என்றார்.

படுத்துக் கொஞ்ச நேரத்தில் காதுக்குள் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், மெசின் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். உடம்பெல்லாம் அதிர்வு. கையைத் தூக்கப் பார்த்தால் தூக்க முடியவில்லை. அப்புறம் இலேசாகி, கூரை வளைக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டாராம். குனிந்து பார்த்தால் கீழே பாயில் தானே கிடக்கிறார். வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது. குதிகாலில் பித்தவெடிப்பு. பக்கத்தில் சின்னவன் அத்தையின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறான். "யாரோ ஒரு பொம்பள மாதிரி இருந்திச்சு தம்பி. பாவம், எப்பிடி அசந்து கெடக்குறான்னு நெனச்சேன்" என்றார். அதைச் சொல்லும்போது அத்தையின் கண் கலங்கியது. அப்புறம் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தாராம். நிலா வெளிச்சத்தில் தேயிலை முழுக்க வெள்ளையாகத் தெரிந்ததாம்.

நான் கேட்டேன்: "எந்த ஜன்னல், அத்தை?"

அத்தை எழுந்து உள்ளே போய்ப் பின்சுவரைக் காட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. அடுப்புக் கரி படிந்த சுவர், அதில் ஒரு முருகன் படக் கலண்டர். அந்தக் காம்பராவுக்கு ஜன்னலே கிடையாது. கலியாணமாகி வந்து இருபத்தைந்து வருடமாக அந்தச் சுவருக்குள்தான் அவர் படுத்து எழுந்திருக்கிறார்.

அத்தை பொய் சொல்லவில்லை. கண்டார், கண்டதைச் சொன்னார். ஆனால் கண்ணால் காண்பதும் பொய்.

விடயம் லயம் முழுக்கப் பரவிவிட்டது. பேயோட்டும் கோடாங்கியை அழைத்தார்கள். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் ஒரு கன்னி ஆவி பிடித்திருக்கிறது என்றார். கருஞ்சேவல், சாராயம், எலுமிச்சம்பழம், சிவப்புத் துணி என்று நீண்ட பட்டியல். மாமா சம்பள முற்பணம் வாங்கிக் கொடுத்தார். ராத்திரி உடுக்கை அடித்து, சாம்பிராணி போட்டு, சேவலைக் கையில் எடுக்கிற நேரத்தில் அது உதறிக்கொண்டு பறந்து தகரக் கூரையில் ஏறிவிட்டது. லயத்து இளவட்டங்கள் எல்லாம் பின்னாலேயே ஏறினார்கள். தகரம் தடதடவென்று அதிர, பிள்ளைகள் அழ, நாய்கள் குரைக்க, சேவல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுகிறது. தலையில் மஞ்சள் தண்ணீர் சொட்ட உட்கார்ந்திருந்த அத்தை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "விட்டுருங்கப்பா, அதாவது தப்பிச்சுப் போகட்டும்."

நீங்கள் சிரிக்கிறீர்கள். அன்றைக்கு லயமும் சிரித்தது. அதற்கப்புறம் நடந்ததற்கு யாரும் சிரிக்கவில்லை.

கோடாங்கியால் ஆகவில்லை என்று ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். டாக்டர் நல்ல மனிதர்தான், தமிழ் தெரியாது. வாசலில் நின்ற சிற்றூழியர் ஒருவரைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொன்னார். அத்தை, "உசிரு வெளிய போயிருச்சுங்க ஐயா, திரும்ப வந்திருச்சு" என்றார். அது சிங்களத்தில் "இவருக்குச் சாக வேண்டும் போல இருக்கிறதாம்" என்று போய்ச் சேர்ந்தது. எனக்கு அப்போது சிங்களம் அரைகுறை; சொன்னது இன்னதென்று விளங்கி நான் வாய் திறப்பதற்குள் துண்டு எழுதியாகிவிட்டது. பதினொரு நாள் வார்டில் வைத்தார்கள். பதினொரு நாளும் பேர் விழவில்லை, சம்பளம் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகும் குளிசைகள் தொடர்ந்தன. கொழுந்து பறிக்கும் விரல்கள் நடுங்கத் தொடங்கின. காதால் கேட்பதும் பொய் என்பதை நான் ஆஸ்பத்திரியில்தான் படித்தேன்.

சரி, தீர விசாரிப்போம்.

நாம் தூங்கும்போது இடைக்கிடை ஒரு கட்டம் வரும். மூடிய இமைக்குள் கருவிழி வேகமாக ஓடும். 1953இல் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளெய்ட்மனும் இதை உலகுக்குச் சொன்னார்கள். கனவு பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். கனவில் ஓடினால் நிசத்திலும் எழுந்து ஓடிவிடாமல் இருக்க, மூளை அப்போது கைகால் தசைகளைக் கட்டிப்போட்டுவிடும். கண்ணும் மூச்சும் மட்டும் வேலை செய்யும். இந்தக் கட்டு அவிழ்வதற்கு முன்னமே புத்தி விழித்துக்கொண்டால்தான் நாம் "அமுக்குவான்" என்கிறோம். நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி, கத்தவும் முடியாது. அத்தையால் கை தூக்க முடியாமற்போனது இதனால்தான். மல்லாந்து படுக்கிறவர்களுக்கும், தூக்கம் கெட்டுக் களைத்தவர்களுக்கும் இது கூடுதலாக வரும். இந்த மண்டபத்தில் களைக்காதவர் யார்?

தெளிவுக் கனவு வேறு. கனவு ஓடிக்கொண்டிருக்கிறது, திடீரென்று, "இது கனவல்லவா!" என்று உள்ளே ஒரு விளக்கு எரிகிறது. ஒல்லாந்து மனநல மருத்துவர் ஃபான் ஏடன் 1913இலேயே இதற்குப் பெயர் வைத்து எழுதினார். நிரூபித்தது 1975இல், இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில். கீத் ஹேர்ன் என்ற ஆய்வாளர், தெளிவுக் கனவு அடிக்கடி காணும் ஒருவரிடம், "கனவு என்று தெரிந்தவுடன் கண்ணை இடமும் வலமுமாக ஓட்டு" என்று முன்கூட்டியே சொல்லி வைத்தார். தூங்கும் மனிதனின் கண் அப்படியே ஓடியது, கருவியில் பதிந்தது. கட்டிப்போடாத வாசல்களில் கண்ணும் ஒன்று என்பதால் அதன் வழியாகத் தகவல் வந்தது. 2021இல் நான்கு நாடுகளின் ஆய்வாளர்கள் சேர்ந்து, கனவு காண்பவரிடமே எட்டில் ஆறு போனால் எத்தனை என்று கேட்டார்கள். தூக்கத்திலிருந்தபடியே கண்ணை ஓட்டி இரண்டு என்று பதில் சொல்லியிருக்கிறார்கள். அம்மாமார்களே, தூங்குகிற பிள்ளையிடம் வாய்ப்பாடு கேட்டு விடை வாங்கிய மாதிரி அல்லவா இது! அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

உடல்விட்ட அனுபவத்தில் அந்த விளக்கு எரிவதில்லை. அங்கே "இது நிசம்" என்ற உறுதிதான் இருக்கும். இதுதான் முதல் வித்தியாசம், மற்றதெல்லாம் இதிலிருந்து வருவது. தெளிவுக் கனவில் உங்கள் உடம்பு உங்களோடுதான் நடக்கும், பறக்கும்; கீழே இன்னொரு உடம்பு கிடக்காது. கதிர்காமத்துக்குப் போக நினைத்தால் போகலாம். உடல்விட்ட அனுபவம் பெரும்பாலும் படுத்த அறையிலேயே நடக்கும். அறை அறையாகவே இருக்கும், ஏதாவது ஒன்று மட்டும் பிசகியிருக்கும். சூசன் பிளாக்மோர் என்ற உளவியலாளர் 1970இல் ஒக்ஸ்போர்டில் மாணவியாக இருந்தபோது இப்படி மிதந்துபோய்க் கூரைகளைப் பார்த்தார். பிறகு போய்ச் சரிபார்த்தால் கூரையின் விவரங்கள் பொருந்தவில்லை. ஒக்ஸ்போர்டில் கூரை, மஸ்கெலியாவில் ஜன்னல்.

இன்னொன்று, தெளிவுக் கனவுக்குத் தூக்கம் வேண்டும். உடல்விட்ட அனுபவம் விபத்திலும் வரும், வலிப்பிலும் வரும், கடும் காய்ச்சலிலும் வரும். 2002இல் ஜெனீவாவில் ஓலாஃப் பிளாங்கே என்ற மருத்துவர், வலிப்பு நோயுள்ள ஒரு பெண்ணின் வலப்பக்க மூளையில், காதுக்குக் கொஞ்சம் மேலே பின்பக்கமாக ஓர் இடத்தில், மெல்லிய மின்சாரம் கொடுத்தார். அந்தப் பெண் முழு விழிப்பில், கட்டிலுக்கு மேலே மிதந்து தன்னைத் தானே பார்ப்பதாகச் சொன்னார். மின்சாரத்தை நிறுத்தினால் அதுவும் நின்றது. உடம்பு எங்கே இருக்கிறது என்று கணக்கு வைக்கும் இடம் அது. அந்தக் கணக்கு பிசகினால் "நான்" வெளியே போய்விடுகிறது.

அதற்காக எல்லாம் தீர்ந்த கதை என்று நான் சொல்லவில்லை. குருக்கள் ஐயா முன்னால் அப்படிச் சொல்லவும் மாட்டேன். இதயம் நின்று பிழைத்தவர்களைப் பற்றிய பெரிய ஆய்வு ஒன்று 2014இல் வந்தது. ஆஸ்பத்திரிகளில் மேலே இருந்து பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி, தட்டுகளில் படங்கள் வைத்தார்கள். கண்டதாகச் சொன்ன மிகச் சிலருக்கும் தட்டு இல்லாத இடத்தில்தான் இதயம் நின்றிருந்தது. ஆகவே அங்கே தீர விசாரிக்க முடியாமற்போயிற்று.

ஒரு முக்கியமான வார்த்தை. பகலில், வேலைத்தலத்தில், நின்றபடியே இப்படி வந்தால், கூடவே வாய் கோணினாலோ, கொஞ்ச நேரம் நினைவு தப்பினாலோ, அது வலிப்பாக இருக்கலாம். கோடாங்கியிடம் போகாதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

போங்கள் என்று இலேசாகச் சொல்லிவிட்டேன். போனால் யார் கேட்பார்? நான் இங்கே வந்ததே இதற்காகத்தான். நான் இவ்வளவு நேரம் சொன்ன வித்தியாசங்களைப் பாருங்கள். கனவு என்று தெரிந்ததா, தெரியவில்லையா? உடம்பு கீழே கிடந்ததா? சத்தம் கேட்டதா? கை அசைந்ததா? இதில் எதை இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்க முடியும்? நோயாளி வாய் திறந்து, தன் சொல்லில் சொன்னால்தான் உண்டு. கால் முறிந்தால் காட்டலாம். கனவைக் காட்ட முடியாது, சொல்லத்தான் முடியும். நம் அம்மாமார் அதைத் தமிழில்தான் சொல்வார்கள், அதுவும் நம் மலையகத் தமிழில். "உசிரு போயிருச்சு", "காத்து கருப்பு", "நெஞ்ச அமுக்குது" என்று.

1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழும் அரச கரும மொழி என்று சொன்னது. அத்தையைக் கூட்டிப்போன 1991இல் அந்தச் சட்டத்துக்கு நாலு வயது. இன்றைக்கு எத்தனை வயது என்று நீங்களே கணக்குப் பாருங்கள். நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மனநலக் கிளினிக் நடக்கும் நாளில் தமிழ் தெரிந்த ஒரு மனநல அலுவலர் இருக்க வேண்டும். அவர் இல்லாத இடத்தில் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் இருக்க வேண்டும். கூட்டிப் பெருக்குகிறவரை இழுத்து வந்து ஒரு மனுஷியின் தலைவிதியை மொழிபெயர்க்க விடக்கூடாது. இதுதான் நம் கோரிக்கை. துரை அவர்களும் தொழிற்சங்கத் தலைவர்மாரும் ஒரே வாங்கில் இருக்கும்போது கேட்கிறேன்: சம்பளம் பேசும் மேசையில் இதையும் ஒரு வரியாக வையுங்கள். மருத்துவ உதவியாளர் அவர்கள் ஏற்கெனவே ஒப்பமிட்டுத் தந்துவிட்டார்கள், அவர்களுக்கு இந்தச் சபை ஒரு கைதட்டல் தர வேண்டும்.

சித்தர்களைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். திருமூலர், இறந்து கிடந்த இடையன் மூலனின் உடம்பில் புகுந்து அவன் மாடுகளின் கண்ணீரைத் துடைத்த கதை உங்களுக்குத் தெரியும். நனவு, கனவு, உறக்கம், அதற்கு அப்பால் துரியம், துரியாதீதம் என்று சைவ சித்தாந்தம் ஐந்து நிலை சொல்கிறது. அதை விரித்தால் விடிந்துவிடும். குருக்கள் ஐயா தேதி சொன்னால் கோயில் மண்டபத்தில் தனியாகப் பேசுவோம்.

வாசலில் மேசை போட்டிருக்கிறது. கோரிக்கைத் தாள் தமிழிலும் சிங்களத்திலும் இருக்கிறது. நம் சிங்களச் சகோதரர்களும் போடலாம், பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த இருவர் போட்டுவிட்டார்கள். பேனா இருக்கிறது, பெருவிரல் வைக்கிறவர்களுக்கு மை ஒற்றும் பெட்டியும் இருக்கிறது. பக்கத்தில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். ராத்திரியில் உங்களுக்கு நடந்ததை நீங்கள் எந்தச் சொல்லில் சொல்வீர்களோ, அந்தச் சொல்லிலேயே சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன். தமிழ் தெரியாத டாக்டர்மாருக்கு அர்த்தத்தோடு கொடுப்பதற்கு. முதல் பக்கத்தில் அத்தை சொன்னதை எழுதியிருக்கிறேன்: ஸ்டோரில் மெசின் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். இரண்டாம் பக்கம் வெறுமையாக இருக்கிறது. தேநீர் குடித்துவிட்டு வாருங்கள்.

வணக்கம்.